நான் தத்தெடுத்த பொதி

கம்பத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பு வாழைத்தார் அடுக்கி வைத்திருந்த அறையில், அழைப்பிதழும் நோட்டீஸும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை ஒன்றை நடத்தினேன். அத்தா திராட்சையும் வாழையும் வாங்கி கேரளாவுக்கு ஏற்றிவிடும் வியாபாரி. அத்தா என்றால் அப்பா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த மகளை வெளியூர் வேலைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அறையைக் கழுவி, வெள்ளையடித்து, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டார். எத்தனை முறை கழுவியும் வாழைப்பழ வாசனை போகவில்லை. கோடையில் கீபோர்டுக்குள்ளிருந்து எறும்பு வரும்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். கம்ப்யூட்டர் விற்றவர் அதில் ஏற்றிக் கொடுத்திருந்ததெல்லாம் திருட்டு சாஃப்ட்வேர். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் ஒவ்வொன்றிலும் வைரஸ். மாதம் ஒரு முறை மெஷின் படுத்துவிடும். ஒருநாள் கோபத்தில், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சிடியை எடுத்துப் போட்டேன். அதன் பிறகு வைரஸ் வரவில்லை. வேறொன்று வந்தது.

லினக்ஸில் நமக்கு வேண்டிய மென்பொருளைச் செய்தவரிடமே போய் வாங்குகிற வழக்கம் இல்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சோதித்து, பொதி பொதியாகக் கட்டி வைத்திருப்பார்கள். பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு நிரல் உண்டு. அதனிடம் பொதியின் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும். ரேஷன் கடை மாதிரிதான். கடைக்கு என்ன அரிசி வந்திருக்கிறதோ அதுதான் கிடைக்கும், புது அரிசி வேண்டுமென்று அடம் பிடிக்க முடியாது. எங்கள் வீட்டு டயல்-அப் இணைப்பில் ஒரு பாட்டுகூட இறங்காது என்பதால், பொதிகளை நான் தபாலில் சிடியாக வரவழைத்துக்கொள்வேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் தன் பேரனின் காதணி விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். அத்தாவுக்கு வருடக்கணக்காகப் பழம் கொடுக்கிறவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லச் சொல்ல அடித்து, திரையில் காட்டி, அவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்து, சரி என்றார். அதை அச்சுக்கான கோப்பாக மாற்றி, சிடியில் ஏற்றி, பஸ்ஸில் தேனிக்குக் கொண்டுபோய் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கொடுத்தேன். இரண்டு நாளில் ஐந்நூறு பிரதிகள் பழுப்புத் தாளில் கட்டி வந்தன. கட்டைப் பிரிக்காமல் அப்படியே அவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்து, அழைப்பிதழ் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, இத வாசி."

வாசித்தேன். எங்கள் அன்புப் பரேனின் காதணி விழா என்று இருந்தது.

"பரேன்னா யாரு?" என்றார்.

தாளைக் கையில் எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனக்குரிய எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்கு முன்னால் போய் நின்றிருந்தது. பேரன் பரேன் ஆகியிருந்தான். மேளதாளம் மளேதாளம் ஆகியிருந்தது. நேரம் என்ற இடத்தில் நரேம் என்று அச்சாகி, பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு, ஒன்பது மணி என்று இருந்தது.

"சுருளிப்பட்டிச் சம்பந்தகாரக போன் போட்டுக் கேக்குறாக, பையனுக்கு வடநாட்டுப் பேரு வச்சிருக்கீகளே, பட்டாளத்துல யாரும் சொன்னாகளான்னு. என் மச்சினன் கேக்குறான், நரேம் ஐயா ஒம்பது மணிக்கு வர்றாருன்னு போட்ருக்கே, அவருக்குத் தனியா வண்டி அனுப்பணுமான்னு."

"மாமா, என் செலவுல வேற அடிச்சுத் தாரேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"முந்நூறு குடுத்தாச்சு பாப்பா. இனிமே வேற குடுத்தா, அப்ப மொதல்ல கூப்பிட்டது யாரைன்னு கேப்பாக." அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அதுவும் போக, கூப்பிடாத ஆளெல்லாம் வந்து ஒண்ணு குடுங்கன்னு வாங்கிட்டுப் போறாக. இருக்கட்டும்."

விழாவுக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் ஒளிகிற மாதிரி ஆகிவிடும். ஒலிபெருக்கியில் மொய் எழுதுகிறவர் அழைப்பிதழைப் பார்த்தே வாசித்தார். பரேனுக்குத் தாய்மாமன் சீர் என்று ஊர் முழுக்கக் கேட்டது. பையன் அன்றிலிருந்து பரேன்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திரையில் எல்லாம் சரியாக இருந்தது, காகிதத்தில் எப்படிக் குழம்பியது? ஒரு வாரம் தேடினேன். எழுத்துகளை அச்சுக்குத் தகுந்தபடி அடுக்கிக் கொடுக்கிற ஒரு சின்ன மென்பொருள் இடையில் இருந்தது. அதற்குத் தமிழில் கொம்பு முன்னால் வரும் என்பது தெரியவில்லை. விசித்திரம் என்னவென்றால், அதைச் செய்தவர்கள் இந்தத் தவறை இரண்டு வருடம் முன்பே திருத்திவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: தமிழ் உயிர்க்குறிகள் இப்போது சரியான இடத்தில் வரும். என் பேக்கேஜ் மேனேஜரிடம் கேட்டால், என்னிடம் இருப்பதுதான் ஆகப் புதிய பதிப்பு, புதுப்பிக்க எதுவும் இல்லை என்று சொன்னது. அதன் கணக்குப்படி அது பொய் சொல்லவில்லை.

சரி, நாமே மூலநிரலை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். புதிய பதிப்பு தனக்குக் கீழே இன்னொரு பொதியின் புதிய பதிப்பைக் கேட்டது. அது இன்னொன்றைக் கேட்டது. ஒரு கொம்பை இடம் மாற்றத் தொடங்கி, நான்காம் நாள் கம்ப்யூட்டரில் திரையே வராமல் போயிற்று. பழைய சிடியைப் போட்டு முதலிலிருந்து நிறுவினேன். எல்லாம் வந்தது, பரேனும் வந்தான்.

இந்த மென்பொருளைப் பொதி கட்டுகிறவர்கள் பேசிக்கொள்கிற ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. என் ஆங்கிலத்தை மூன்று முறை திருத்தி ஒரு கடிதம் எழுதினேன். ஐரோப்பாவில் எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டார். நீங்கள் பயன்படுத்துவது நிலையான பதிப்பு, நிலையான பதிப்பில் எதுவும் மாறாது, அதற்காகத்தான் அந்தப் பெயர் என்றார். தவறும் மாறாதா என்று கேட்டேன். பாதுகாப்புக் குறை என்றால் மட்டும் மாற்றுவோம், இதனால் அனுமதி இல்லாத ஆட்கள் யாராவது உள்ளே நுழைய முடியுமா என்று கேட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆமாம், காதணி விழாவுக்கு அழைக்கப்படாத ஐம்பது அறுபது பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, அவர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள் என்று விவரம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு மேல் விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

இதற்கிடையில் கடையை நடத்த வேண்டுமே. திரையைப் படமாகப் பிடித்து அச்சுக்குக் கொடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ரம்பப்பல் மாதிரி வந்தது. கடைசியில் வேறு வழி இல்லாமல், கொம்பே வராமல் எழுத ஆரம்பித்தேன். தேதி என்பதை நாள் என்று போட்டேன். நேரம் என்பதை மணி என்றேன். பேரன் என்று எழுத முடியாததால் மகளின் மகன் என்று எழுதினேன். 'வருகை தந்து' என்பது கூடாது, ஐகாரத்திலும் கொம்பு இருக்கிறது. 'வந்து வாழ்த்துங்கள்' என்று முடித்துக்கொண்டேன். கம்பம், கூடலூர், சின்னமனூர், சுருளிப்பட்டி எல்லாம் கொம்பில்லாத ஊர்கள். காமயகவுண்டன்பட்டிகூட அவ்வளவு நீளத்துக்கும் ஒரு கொம்பு இல்லாமல் இருக்கிறது. போடிக்காரர்களையும் தேவாரத்துக்காரர்களையும், மெஷின் ரிப்பேர் என்று சொல்லி வேறு கடைக்கு அனுப்பினேன். உத்தமபாளையத்திலிருந்து மாமு முறையில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தபோது, அவரிடம் ஊர்ப்பெயரை மட்டும் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளலாமா, அதுதான் இப்போது ஃபேஷன் என்றேன். அவரும் சந்தோஷமாகச் சரி என்றார்.

தேனி அச்சகத்துக்காரர் ஒருநாள் என்னிடம், "நீங்க எழுதுற பத்திரிக எல்லாம் தனியாத் தெரியுது. ரொம்ப இலக்கியமா இருக்கு" என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் இப்படிப் போனது. குழுவுக்கு நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் கோட்டயம் பக்கத்து மலையாளி ஒருவர் தனியாகப் பதில் போட்டார். கல்லூரியில் ஆசிரியர். பொதி கட்டுகிறவர்களுடைய அமைப்பில் முறையான உறுப்பினர். அவர் தேடிப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பொதியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் இரண்டு வருடமாக எந்தக் கடிதத்துக்கும் பதில் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பொதியை அநாதை என்று அறிவித்துவிட்டார்கள். அவர்கள் வழக்கில் அதற்கு உண்மையாகவே அநாதை என்றுதான் பெயர். யாராவது அதைத் தத்தெடுத்தால்தான் புதிய பதிப்பு வரும். தத்தெடுப்பது என்பதும் அவர்கள் சொல்தான். மேற்கொண்டு பேச நம்பர் கொடுத்திருந்தார். வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"பாவம் சார், ரெண்டு வருசமா அநாதையாக் கெடக்கு. யாருமே திரும்பிப் பாக்கல. வேற யாரும் வரலைன்னா நானே எடுத்துக்கிறேன் சார். ஆமா சார், யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். வீட்ல சொல்லிக்கிறேன்."

போனை வைத்துத் திரும்பினால் அத்தாவும் அம்மாவும் வாசல்படியில் நின்றிருந்தார்கள். அம்மாவின் கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆணா பொண்ணா?" என்றார் அத்தா.

"என்ன அத்தா?"

"பிள்ளைய எடுத்து வளக்கிறது நம்ம மார்க்கத்துல புண்ணியந்தான். நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா ஒனக்குக் கல்யாணம் ஆகட்டும். அப்பறம் ஒம் மாப்பிள்ளைகிட்டக் கேட்டுட்டு எடு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் எதுவரை யோசித்துவிட்டார் என்பதைப் பார்த்து எனக்கு வேர்த்தது. அது பிள்ளை இல்லை, மென்பொருள் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அத்தாவே தனக்குப் புரிகிற மாதிரி ஒன்றைப் பிடித்தார்.

"அதாவது, சொந்தக்காரன் எங்கிட்டோ போயிட்டான். தோட்டம் கவனிப்பில்லாமக் கெடக்கு. அத நீ பாத்துக்கிறேங்கிற."

"ஆமா அத்தா."

"வெளச்சல் யாருக்கு?"

"யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"கூலி?"

"இல்ல."

"பாதியில விட்டுட்டு வந்தா?"

"அப்ப மறுபடி அநாதையாயிரும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எடுத்தா ஒழுங்காப் பாரு. வியாபாரத்துல கெட்ட பேரு எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

தத்தெடுப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. என் பெயரில் பொதி போக வேண்டுமென்றால், நான் என்று சொல்கிற ஆள் நான்தான் என்று ஒரு பழைய உறுப்பினர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சாவி இருக்கும். சாவி என்பது வெறும் எண்தான், கடிதத்தின் அடியில் கையெழுத்து மாதிரிப் பயன்படும். அந்தச் சாவிக்கு, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து நாற்பது இலக்கத்தில் ஒரு சுருக்கம் உண்டு. அதற்குக் கைரேகை என்று பெயர். இருவரும் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, கைரேகையை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் குமுளிக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதாகவும், அங்கே சந்திக்கலாம் என்றும் சொன்னார்.

அத்தா கூடவே வந்தார். அவர் கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. தோளில் ஒரு துணிப்பை. அதில் என் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கூடவே தன்னுடைய வாழைத்தோப்புப் பட்டா. பட்டா எதற்கு என்று கேட்டேன். "கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுல்ல" என்றார்.

குமுளியில் எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆசிரியருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மழை இல்லாத நாளில் குடை வைத்திருந்தார். மிகவும் மரியாதையானவர், ஆனால் விதி விஷயத்தில் இம்மி நகராதவர். என் அட்டைகளை வரிசையாக மேஜையில் அடுக்கினார். லைசென்ஸில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. வாக்காளர் அட்டையில் பெயர் சரி, ஆனால் பாலினம் ஆண் என்று இருந்தது.

"மேடம், இது ரெண்டும் ஒரே ஆளாணோ?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

"எம் மகதான். நான் சொல்றேன்ல" என்றார் அத்தா.

"சரியாணு, பக்ஷே சாரை எனக்கு அறியில்லல்லோ. சாருக்கு ஒரு கீ இருந்து, அதை நான் முதல்ல வெரிஃபை செய்தா, பின்னே சார் மகளுக்குச் சொல்லாம்."

வியாபாரத்தில் பழகிய மலையாளத்தைக் காட்ட அத்தாவுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. "கீ உண்டு" என்று இடுப்பிலிருந்த, பழம் அடுக்கும் கிட்டங்கியின் சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஆசிரியர் அதை மரியாதைக்காக ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அத்தா பக்கம் தள்ளி வைத்தார்.

மார்க் ஷீட்டையும் ரேஷன் கார்டையும் வைத்து ஒருவழியாக என்னை நான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்து கைரேகை. தாளைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்றார். அவர் தன் தாளைப் பார்த்து வாசிக்க, நான் என் தாளில் சரிபார்த்தேன். "ஏழு, எஃப், மூணு, ஏ. சி, சி, பூஜ்யம், ஒன்பது." பிறகு நான் வாசித்தேன். "நாலு, பி, எட்டு, எட்டு. டி, ரெண்டு, ஈ, ஆறு."

பக்கத்து மேஜையில் லுங்கியும் துண்டுமாக டீ குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மப்டியில் இருந்த செக்போஸ்ட் போலீஸ்காரர். எல்லையில் உட்கார்ந்து இரண்டு மாநிலத்து ஆட்கள் பழப்பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு எண் எண்ணாகச் சொல்லிக்கொள்வது, அவருக்கு என்ன மாதிரித் தோன்றியிருக்கும் என்று இப்போது புரிகிறது.

"எட்டு எட்டுன்னா என்ன சரக்கு?" என்றார்.

"சரக்கு இல்ல சார். என் சாவியோட கைரேகை" என்றேன்.

"சாவிக்கு ஏதும்மா கைரேக?"

"இது வேற சாவி சார். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்."

"எந்தப் பூட்டுக்கு?"

"பூட்டு கெடையாது சார். கையெழுத்துப் போடுறதுக்கு."

அவர் என்னை, ஆசிரியரை, அத்தாவை, மேஜையில் கிடந்த சாவிக்கொத்தை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். "சாவிய வச்சுக் கையெழுத்துப் போடுவீக. சரி. செக்போஸ்டுக்கு வாங்க, அங்கன வச்சுப் பேசிக்குவோம்."

"ஏம்ப்பா, எம் மக தத்து எடுக்க வந்திருக்கா" என்றார் அத்தா கோபமாக. அதோடு எங்கள் நிலைமை இன்னும் மோசமாயிற்று.

செக்போஸ்ட் அறையில் வயதான ஏட்டு ஒருவர் இருந்தார். முதலில் பழப்பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். பழம்தான். பிறகு ஏட்டு என்னிடம் ஆதியோடந்தமாகக் கேட்டார். நான் காதணி விழாவிலிருந்து சொன்னேன். அவர் நடுவில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. பரேன் என்று வந்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"இந்த ஆளு உங்கள நீங்கதான்னு பாக்க வந்தாரு. பாத்துட்டாரா?"

"முக்காவாசி பாத்துட்டாரு சார். அதுக்குள்ள நீங்க கூட்டிட்டு வந்துட்டீக."

"மிச்சத்த நான் பாக்குறேன், குடுங்க."

எல்லா அட்டைகளையும் வாங்கினார். எங்கள் ஆசிரியர் பார்த்ததைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பார்த்தார். புகைப்படத்தோடு என் காதை ஒப்பிட்டார். கம்பத்துக்குப் போன் போட்டு எங்கள் தெருவில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தார். ஆசிரியருடைய கல்லூரி அட்டையைப் பார்த்து, அங்கேயும் போன் போடச் சொல்லி, அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இன்னார்தான் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே குமுளி வந்தோம், தெரிந்துகொண்டோம், இனிப் போகிறோம் என்று எழுதி, மூவரும் கையெழுத்திட்டோம். இருவருடைய நாற்பது நாற்பது இலக்கங்களையும் அதன் கீழே எழுதச் சொல்லி, அதையும் தானே உரக்க வாசித்துச் சரிபார்த்து, முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் ஆசிரியர் அந்தத் தாளின் நகலைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "மேடம், இத்தனை நல்ல வெரிஃபிகேஷன் இந்த உலகத்தில யாருக்கும் நடந்திருக்கில்லா" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அத்தா பழத்தில் பாதியை அவருக்கும் மீதியை ஏட்டுக்கும் கொடுத்தார். மப்டிக்காரருக்குக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். புதிய பதிப்பைப் பொதி கட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. பன்னிரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை காரணம், விளக்க வரியின் கடைசியில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. பதின்மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். முதலில் அது நிலையற்றது என்ற அடுக்கில் பத்து நாள் கிடந்தது. பிறகு சோதனை அடுக்குக்கு ஏறியது. நான் என் கடைக் கம்ப்யூட்டரைச் சோதனை அடுக்குக்கு மாற்றி, போடிக்காரர் ஒருவருக்கு முதல் முறையாகப் பத்திரிகை அடித்துக் கொடுத்தேன். போடி போடியாகவே வந்தது. அந்தத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கொம்பு போட்டு எழுத எனக்குக் கை கூசியது. பேரன் என்று அடிப்பதற்குள் மகளின் மகன் என்று விரல் போய்விடும்.

ஆனால் மற்றவர்களுக்கு அது போய்ச் சேர, நிலையான பதிப்பு வெளிவர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால், தயாரானதும் வரும் என்பார்கள். அதற்குள் மென்பொருளைச் செய்தவர்கள் மேலும் மூன்று பதிப்புகள் விட்டுவிட்டார்கள். ஈழத்திலிருந்து ஓர் ஆசிரியை, உங்கள் பொதி ஏன் இவ்வளவு பழையதாக இருக்கிறது, கவனிக்கிறீர்களா இல்லையா என்று எனக்குக் கடுமையாக எழுதினார். நியாயமாகப் பட்டதால் புதியதைச் சேர்க்க அனுமதி கேட்டேன். இப்போது உறைநிலைக் காலம், எதையும் அசைக்கக் கூடாது, பாதுகாப்புக் குறை இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் இல்லை என்று எழுதினேன். அந்த அம்மாவுக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று.

அத்தா மட்டும் சோர்ந்துபோகவில்லை. மார்க்கெட்டில் யார் கேட்டாலும், "எம் மக ஒண்ண எடுத்துப் பாத்துக்கிறா" என்பார். பிள்ளை எப்படி இருக்கு என்று என்னிடம் நலம் விசாரித்தவர்கள் உண்டு. நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவேன். விளக்கினால் நேரம் ஆகும்.

நிலையான பதிப்பு வெளியான அன்று நான் சுருளிப்பட்டி பஸ்ஸில் இருந்தேன். ஒரு விவசாயிக்குத் திராட்சைப் பெட்டி லேபிள் மாதிரி காட்டப் போய்க்கொண்டிருந்தேன். செல்போனில் ஆசிரியரிடமிருந்து மெசேஜ் வந்தது. ரிலீஸ் ஆயி, கன்கிராட்ஸ் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் ரிப்பேர் பார்த்த மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ள, தனியாச் சிரிக்கிற?"

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "ஒரு வேல பாத்துட்டிருக்கேன்மா. ரெண்டு வருசமாச்சு. நான் கட்டுற சாமான் இன்னைல இருந்து உலகம் பூராப் போகுது."

"எக்ஸ்போர்ட்டா?"

"அந்த மாதிரிதான்."

"எவ்வளவு பேரு வேல பாக்குறீக?"

"அந்தச் சாமானுக்கு நான் ஒருத்திதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒத்த ஆளா உலகம் பூரா அனுப்புறியாக்கும். பெர்மனென்ட் பண்ணிட்டாகளா?"

"நெலையாயிருச்சுன்னு இப்பத்தாம்மா மெசேஜ் வந்துச்சு."

"நல்லாரு. எழுத்துல வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு மிக்ஸியோடு இறங்கினார். பஸ் நகர்ந்த பிறகுதான் ஜார் சீட்டிலேயே இருப்பதைப் பார்த்தேன். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்த, அதை ஜன்னல் வழியாக நீட்டினேன். அந்த அம்மா ஓடி வந்து வாங்கிக்கொண்டு, மூடி எங்கே என்று கேட்டார். நானும் கண்டக்டரும் சீட்டுக்கு அடியில் தேடத் தொடங்கினோம்.